பிக்கப் வண்டியின் ஸ்டீயரிங் இறுகுகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம் அண்ணன்மார்களே. மன்னார்குடிப் பக்கம் நெல் மூட்டை ஏற்றும் பிக்கப் என்னுடையது. மின்சார பவர் ஸ்டீயரிங். போன வாரம் களத்துமேட்டுச் சேற்றில் சிக்கி மீண்டதிலிருந்து, காலையில் கிளப்பியதும் மஞ்சள் விளக்கு எரிகிறது, ஸ்டீயரிங் கல்லாக இறுகுகிறது. அணைத்து மறுபடி கிளப்பினால் சரியாகிவிடுகிறது.

பட்டறையில் ஸ்டீயரிங் ஆயில் மாற்றச் சொல்கிறார்கள். இதில் ஆயிலே கிடையாதே, மோட்டார்தானே திருப்ப உதவுகிறது! டயர் காற்று சரி. பேட்டரி முனையில் பச்சை பூத்திருந்தது. வெந்நீர் ஊற்றித் தேய்த்தேன். என்ஜின் ஓடும்போது 13.9 வோல்ட், கிளப்பும் நொடியில் 9க்கு இறங்குகிறது. பேட்டரிதான் காரணமா, பேட்டரியை வண்டியின் உடம்போடு இணைக்கும் எர்த் ஒயரா, சேறு புகுந்த கனெக்டரா?

எதையும் கழற்றுவதற்கு முன், வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவாகும் பிழைக் குறியீட்டைப் படித்துவிட வேண்டும். அந்தக் கருவி வைத்திருப்பவர் திருவாரூர், கும்பகோணம் பக்கம் இருந்தால் சொல்லுங்கள். அறுவடை தொடங்கிவிட்டது, மூட்டையோடு வாய்க்கால் கரையில் திரும்பவே பயமாக இருக்கிறது.