30 அடி டிரெய்லரை அரை டன் பிக்கப்பில் இழுப்பது: ஆட்டம் நிற்கவில்லை, உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். டென்வரில் வசிக்கிறோம். ஏப்ரலில் வாங்கிய 30 அடி டிரெய்லரை எங்கள் 2019 மாடல், 5.3 லிட்டர் வி8 இன்ஜின் கொண்ட அரை டன் பிக்கப்பில் (இது வண்டியின் வகைப்பெயர்தான், சுமக்கும் எடை அல்ல) இழுக்கும்போது, மணிக்கு 55 மைலைத் தாண்டியதும் அது இருபுறமும் ஆடத் தொடங்குகிறது. ஜூன் மாதம் ஐ-25 நெடுஞ்சாலையில் ஃபோர்ட் காலின்ஸைக் கடந்து ஷையென் நோக்கிச் சென்றபோது, ஒரு பெரிய லாரி எங்களை முந்திய கணத்தில் ஸ்டியரிங் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டது. பக்கக் கண்ணாடியில் டிரெய்லரின் பின்மூலை தடக்கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்புவதைப் பார்த்தேன்.

எடை மேடையில் நிறுத்தியபோது, சாமான்களுடன் டிரெய்லர் 7,100 பவுண்டு இருந்தது. பிக்கப்பையும் டிரெய்லரையும் இணைக்கும் ஹிட்ச்சின் மீது இறங்கும் எடையான டங் வெயிட் 640, அதாவது 9 சதவீதம் மட்டுமே. அது 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும் என்பதால், சாமான்களை முன்பக்கம் நகர்த்தி 850 ஆக்கினேன். எடையைப் பகிரும் ஹிட்ச்சை மறுபடி சரிசெய்து, டயர்களில் உரிய அளவு காற்றடைத்து, பக்கவாட்டு ஆட்டத்தைக் கட்டுப்படுத்தும் உராய்வு வகை ஸ்வே பாரும் பொருத்தினேன். ஆட்டம் பாதியாகக் குறைந்ததே தவிர, நிற்கவில்லை.

இதனால் இன்னொரு சிக்கல் முளைத்திருக்கிறது. கதவோர ஸ்டிக்கரின்படி பேலோடு, அதாவது பிக்கப் தன்மீது சுமக்கக்கூடிய அதிகபட்ச எடை, 1,480 பவுண்டு. (வாங்கும்போது இழுவைத் திறனை மட்டுமே பார்த்தேன், இதைப் பார்க்கவில்லை.) நால்வருக்கு 520, ஹிட்ச்சுக்கு 90, டங் வெயிட் 850, பின்தொட்டியில் ஜெனரேட்டரும் கருவிகளும் 150 என மொத்தம் 1,610 ஆகிவிட்டது.

செப்டம்பரில் பிளாக் ஹில்ஸ் மலைப்பகுதிக்குச் செல்லவிருக்கிறோம். பின்தொட்டியைக் காலிசெய்து, பக்கச்சுவர் உறுதியான எல்டி (லைட் டிரக்) டயர்களை மாட்டினால் இதே வண்டியில் பாதுகாப்பாக இழுக்க முடியுமா, அல்லது அதிக எடை தாங்கும் முக்கால் டன் பிக்கப்புக்கு மாறுவதுதான் ஒரே வழியா?