பெப்ரவரியில் கல்லாறு, படுவான்கரை: ஒரு நாளில் உள்ளான்கள் பார்க்க எப்படிப் போகலாம்?

நீலாவணை:
கல்முனையிலிருந்து மட்டக்களப்பு வாவிக்கரைக்கு மோட்டார் சைக்கிளில் ஒரு நாள் பயணம், பெப்ரவரி இரண்டாம் கிழமை. 8x42 பைனாகுலர் இருக்கிறது, ஸ்கோப் (முக்காலியில் வைத்துத் தூரத்துப் பறவை பார்க்கும் தொலைநோக்கி) இல்லை. உள்ளான், உப்புக்கொத்தி மாதிரிச் சேற்றுப் பறவைகள்தான் நோக்கம். எங்கே, எத்தனை மணிக்கு நிற்க வேணும்? கடல் வற்றும் நேரம் பார்த்துப் புறப்படவா? குமண தேசியப் பூங்காவையும் அதே நாளில் சேர்க்கலாமா?

எழுவான்கரை:
கடல் வற்றும் நேரம் பார்க்கத் தேவையில்லை. நம் கரையில் ஏற்ற இறக்கம் ஒரு மீற்றருக்கும் குறைவு, வாவிக்குள் அது இன்னும் அடங்கிவிடும். இங்கே சேறு தெரிவதும் மூடுவதும் மாரி மழையையும் முகத்துவாரத்தையும் பொறுத்தது. வாவி கடலோடு சேரும் பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் மணல்திட்டு அடைத்திருந்தால் வெள்ளம் வாவிக்குள்ளேயே தேங்கும். திட்டு உடைந்தால், அல்லது வெட்டிவிட்டால், நீர் இறங்கிக் கரைச்சேறு வெளியே வரும். சிறு உள்ளானின் கணுக்கால் இரண்டு சென்ரிமீற்றர் அளவுதான், அதனால் முழங்கால் நீர் நிற்கும் இடத்தில் கூழைக்கடாவும் நீர்க்காகமும்தான் மிஞ்சும். புறப்பட இரண்டு நாளுக்கு முன் கல்லாற்று மீனவர் யாரிடமாவது முகத்துவாரம் திறந்திருக்கிறதா, கரையில் நீர் எவ்வளவு என்று கேளுங்கள். நீர் உயர்ந்திருந்தால் மார்ச் முதல் கிழமைக்குத் தள்ளுங்கள். வலசை வந்தவை பெரும்பாலும் அப்போதும் இருக்கும்.

அடுத்தது வெளிச்சம். ஊர்ப் பெயரிலேயே வழி இருக்கிறது: வாவியின் கிழக்கே, சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை; மேற்கே, படும் பக்கம் படுவான்கரை. காலையில் எழுவான்கரையில் நின்று மேற்கே பாருங்கள், மாலையில் படுவான்கரையில் நின்று கிழக்கே பாருங்கள். இரண்டு வேளையும் சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும், கால் நிறம் துலக்கமாகத் தெரியும். மாற்றி நின்றால் எல்லாப் பறவையும் கறுப்பு உருவம்தான்.

காலை 6.15க்கு கோட்டைக்கல்லாறு, பெரியகல்லாறு, ஓந்தாச்சிமடம் பக்கம் நில்லுங்கள். வண்டியைப் பாலத்தில் நிறுத்தாமல் பாலம் முடியும் இடத்தில் விடுங்கள். 9.30க்குப் பிறகு சேற்றிலிருந்து கானல் எழும்பும், எந்தக் கண்ணாடியும் உதவாது. அப்போது பட்டிருப்புப் பாலம் கடந்து வயல்பக்கம் போகலாம். வேளாண்மை வெட்டு நடக்கும் வயலில் நத்தைகொத்தி நாரை, அரிவாள்மூக்கன், கொக்கு நிறைய வரும். மாலை 4 மணிக்குக் கொக்கட்டிச்சோலைப் பக்கத்து வாவிக்கரை. திரும்ப மண்முனைப் பாலம்.

கண்டல்:
ஸ்கோப் இல்லாததால் 50 மீற்றருக்குள் போக வேண்டிவரும். நேராக நடக்காதீர்கள். சாய்வாகப் பத்து அடி நடந்து, நின்று, குந்தி, பிறகு நடங்கள். வானத்தைப் பின்னணியாக வைத்து நிமிர்ந்து நின்றால் பறந்துவிடும். மேய்வதை விட்டுத் தலை தூக்கினாலே எல்லை வந்துவிட்டது, பின்வாங்குங்கள். ஏப்ரலுக்குள் வடக்கே திரும்ப அவை கொழுப்புச் சேர்க்கும் காலம் இது. ஒவ்வொரு தடவை எழுப்பும்போதும் அந்தச் சேமிப்பைத்தான் எரிக்கிறோம்.

சேற்றில் இறங்கவே வேண்டாம். மேலே காய்ந்து வெடித்த மாதிரி இருக்கும், கீழே தொடை வரை போகும். வாவியில் முதலையும் உண்டு.

நீலாவணை:
நன்றி அண்ணன்மார். சின்ன உப்புக்கொத்திகளைப் பிரித்தறிவதுதான் எனக்குக் கஷ்டம்.

உள்ளான்கண்:
பிடரியைப் பாருங்கள். வெள்ளைப் பட்டி சுற்றி வந்தால் பெரும்பாலும் கென்டிஷ் உப்புக்கொத்தி வகை, இல்லாவிட்டால் மணல் உப்புக்கொத்தி. கென்டிஷ் வகையாக எண்ணிவந்த நம் நாட்டுக் குடியிருப்புப் பறவை 2023இல் அனுமன் உப்புக்கொத்தி என்று தனி இனமாகப் பிரிக்கப்பட்டது. அது வெறும் மணலில் சிறு குழி பறித்து முட்டையிடும், ஆகவே உலர்ந்த மணல்திட்டில் கால்வைக்கும் இடத்தைப் பார்த்து நடங்கள். பெரிய உள்ளான்களைப் பறக்கும்போது பிரிப்பது சுலபம். இறக்கையின் பின்விளிம்பில் அகலமான வெள்ளை இருந்தால் பவளக்காலி. இறக்கை முழுக்கக் கருமையாக, முதுகில் மட்டும் வெள்ளை ஆப்பு தெரிந்தால் பச்சைக்காலி.

எழுவான்கரை:
குமணவைச் சேர்க்காதீர்கள் தம்பி. ஒகந்தை வாசலில் அனுமதிச்சீட்டு எடுத்து ஜீப்பில்தான் உள்ளே போகலாம், மோட்டார் சைக்கிளை விடமாட்டார்கள். அங்குள்ள வில்லு என்ற நீர்நிலையின் கண்டல் மரங்களில் பறவைகள் கூடு கட்டும் காலமும் ஏப்ரலுக்குப் பிறகுதான். மே, ஜூனில் தனியே ஒரு நாள் வையுங்கள். பாணமை வீதியில் யானை நடமாடும், இருட்டுமுன் திரும்பிவிடுங்கள்.

கண்டல்:
ஒன்று விட்டுப்போச்சு. கடற்காற்றில் கண்ணாடியில் உப்புப் படியும். உலர்ந்த துணியால் துடைத்தால் மணல் கீறிவிடும். முதலில் ஊதுபந்தால் ஊதி, பிறகு நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். தண்ணீர் ஆளுக்கு மூன்று லீற்றராவது கொண்டுபோங்கள்.