பதிவு அவர்களிடம், பழக்கத்தில் இருக்கும் பெயர் என்னிடம்: மாற்றித்தான் ஆகணுமா?

பொடிமில்30:
மசாலாப் பொடி, 2014 முதல் ஒரே பிராண்ட் பெயர், பதிவு இல்லை. பக்கத்து மாவட்டக் கம்பெனி ஒன்று கிட்டத்தட்ட அதே பெயரை 2022-ல் பதிவு செய்திருக்கிறது. 15 நாளில் பெயரை எடுக்கச் சொல்லி வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. வழி இருக்கா?

வகைஎண்:
இருக்கு சார். வணிகச் சின்னச் சட்டம் 1999, பிரிவு 34 உங்களுக்கானது. அவர்களின் முதல் பயன்பாடு, பதிவுத் தேதி (விண்ணப்பித்த நாள்தான் கணக்கு), இந்த இரண்டில் எது முந்தியதோ அதற்கும் முன்பிருந்து நீங்கள் தொடர்ந்து பயன்படுத்தியிருந்தால் தடுக்க முடியாது. இருட்டுக்கடை அல்வா வழக்கில் 2015-ல் உச்ச நீதிமன்றம் பதிவைவிட முதல் பயன்பாட்டுக்குத்தான் வலு அதிகம் என்றது. வணிகச் சின்னப் பதிவுத்துறை தளத்தில் அவர்கள் விண்ணப்ப எண்ணைப் போட்டு, எந்த வருஷத்திலிருந்து பயன்பாடு என்று எழுதியிருக்கிறார்கள் பாருங்கள்.

பொடிமில்30:
வகை 30 (மசாலா அடங்கும் பொருள் வகை), பயன்பாடு 2019 முதல் என்று இருக்கு. என் 2014 பில்களில் பிராண்ட் பெயரே இல்லை, என் பெயர்தான். 2015-ல் லேபிள் அடித்த பிரஸ் பில்லில் பிராண்ட் பெயர் இருக்கு.

வகைஎண்:
அந்தப் பிரஸ் பில் தங்கம். பெயரும் தேதியும் ஒரே தாளில் இருப்பதுதான் சாட்சி. அதோடு வருஷத்துக்கு இரண்டு மூன்று பில், விளம்பரம், உணவு உரிமம் சேருங்கள். நடுவில் ஒரு வருஷம் காலியாக இருந்தால் "தொடர்ந்து" என்ற சொல்லிலேயே மடக்குவார்கள். 2014 என்று கோராதீர்கள், 2015 என்றே போடுங்கள். விண்ணப்பத்தில் பயன்பாட்டுத் தேதியைப் பின்னால் திருத்த விடமாட்டார்கள்.

கேவியட்:
15 நாள் என்பது சட்டக் கெடு இல்லை, ஆனால் பதில் போடாமல் விடாதீங்க. அதைவிட அவசரம் கேவியட் மனு, அதாவது என்னைக் கேட்காம உத்தரவு போடாதீங்கன்னு நீதிமன்றத்துல முன்கூட்டியே கொடுக்கிற மனு. உங்களைக் கேட்காமலே இடைக்காலத் தடை வாங்கிட்டா லேபிள் எல்லாம் முடங்கும். பதிவு மீறல் வழக்கை அவங்க ஊர் நீதிமன்றத்திலேயே போடலாம், அதனால கேவியட்டை அங்கேயும் உங்க ஊர்லயும் போடுங்க. 90 நாள்தான் செல்லும், முடிஞ்சதும் புதுசா போடணும்.

வகைஎண்:
அடுத்து டிஎம்-ஏ படிவத்தில் சொந்த விண்ணப்பம், பயன்பாட்டுப் பிரமாணப் பத்திரத்தோடு. தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் இணையவழிக் கட்டணம் வகைக்கு ரூ.4,500. பதிவுத்துறையின் பரிசோதனை அறிக்கையில் அவர்கள் பெயரைக் காட்டி ஆட்சேபம் வரும், 30 நாளில் பதில் கொடுக்கணும். அவர்கள் பதிவையே நீக்கக் கேட்பது பிரிவு 57, படிவம் டிஎம்-ஓ, ரூ.2,700. இதைத் தள்ளிப்போடாதீர்கள். தெரிந்தே 5 வருஷம் பேசாமல் இருந்தீர்கள் என்று பிரிவு 33-ஐ நீட்டுவார்கள்.

கேவியட்:
பதிவு ஆகிற வரைக்கும் லேபிள்ல வட்டத்துக்குள்ள ஆர் போடாதீங்க, சட்டப்படி தப்பு. டிஎம் (டிரேட்மார்க்) போடலாம்.