மறு: ரேபிட் ஸ்கேன் – தமிழில் எப்படிச் சொல்வது?

வணக்கம் நண்பர்களே,

மாணவர்களுக்கான வானிலைக் கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, 'ரேபிட் ஸ்கேன்' மட்டும் பாக்கி. ஐரோப்பாவின் வானிலைச் செயற்கைக்கோளான இரண்டாம் தலைமுறை மீட்டியோசாட் புவியின் முழு வட்டத்தை 15 நிமிடத்துக்கு ஒருமுறை படமெடுக்கும். 'ரேபிட் ஸ்கேன்' முறையில் ஐரோப்பா அடங்கிய வடபகுதியை மட்டும் 5 நிமிடத்துக்கு ஒருமுறை எடுக்கிறது. அடுத்தடுத்த படங்களில் மேகம் நகர்ந்த தூரத்திலிருந்து காற்றின் திசையும் வேகமும் கணித்து, வானிலையை முன்கணிக்கும் கணினி மாதிரிகளில் சேர்க்கிறார்கள். 'விரைவு வருடல்' என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

——

ஐயா, வருடுவது என்றால் தொட்டுத் தடவுவது. சுமார் 36,000 கி.மீ. உயரத்திலிருந்து எதைத் தொட? 'அலகிடல்' இருக்கிறதே! சீரை அசை பிரித்து அலகிடுகிறோம். ஆங்கிலத்தில் அதற்கும் ஸ்கேன்தான். 'புலர்வதன்முன் அலகிட்டு மெழுக்கும் இட்டு' என்று அப்பர் பாடும்போது அலகிடுதல் பெருக்குதல். அந்தச் செயற்கைக்கோளும் நிமிடத்துக்கு 100 முறை சுழன்று, சுற்றுக்கு ஒரு பட்டையாகத் தெற்கிலிருந்து வடக்கே பார்த்துக்கொண்டு போகிறது. வாசல் பெருக்குவதேதான். 'விரைவலகீடு' என்பேன்.

——

என் வகுப்பில் அலகு என்றால் மீட்டர், கிலோகிராம். அலகிடல் என்றால் பிள்ளைகள் அளப்பது என்றே எடுத்துக்கொள்வார்கள். வருடி, வருடல் பழகிவிட்டன, இருக்கட்டும். எனக்கு உறுத்துவது 'விரைவு'. சுழலும் வேகம் கூடவில்லையே! பரப்பைக் குறைத்ததால் சீக்கிரம் திரும்பி வருகிறது, அவ்வளவுதான். பயனும் அந்த இடைவெளியில்தான்: தாழ்மேகம் 15 நிமிடத்தில் உருமாறி அடையாளம் தப்பிவிடும், 5 நிமிடத்தில் அதே மேகம் என்று சொல்ல முடியும். 'குறுகிடை வருடல்' எப்படி?

——

குறுமை + இடை என்றால் குற்றிடை அல்லவா? குற்றுகரம் போல.

——

குறுகு + இடை, வினைத்தொகை. தவறில்லை.

——

'விரைவு' பற்றி ஆசிரியை அம்மா சொன்ன குறை நியாயம். ஆனால் விரைவுப் பேருந்தும் நிறுத்தங்களைக் குறைத்துத்தான் முன்னால் போய்ச் சேர்கிறது. அதை யாரும் தவறாகப் புரிந்துகொள்வதில்லை. தனிமடலில் எழுதிய மூவரும் 'விரைவு வருடல்' போதும் என்கிறார்கள். அதையே வைத்து, முதல் இடத்தில் 'குறுகிய இடைவெளியில் ஒரே பகுதியை மீண்டும் மீண்டும் படமெடுத்தல்' என்று விளக்கம் சேர்த்துவிட்டேன். இன்று இரவு அனுப்ப வேண்டும்.

——

அனுப்புங்கள் ஐயா. நான் மட்டும் அலகீடு என்றே எழுதுவேன். ஆயிரம் ஆண்டுக்கு மேல் புழங்கிய சொல்லை விட மனம் வரவில்லை.