தகடு போட்ட இடத்தில் அடி விழவில்லை

யீஷூன்வாசி

என் வண்டி மூன்று கதவு ஜிம்னி, சுசுகியின் சின்ன நான்கு சக்கர இயக்க ஜீப். வாங்கிய இரண்டாவது மாதமே காக்கி புக்கிட்டில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் முன்பக்கத்துக்கு 4 மில்லிமீட்டர் எஃகுத் தகடு போட்டேன். எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் தேங்கும் ஆயில் சம்ப், ஸ்டீயரிங் கம்பி எல்லாம் அதற்குள் அடக்கம். கோப்பிக்கடைக்கு வெளியே நிறுத்தி நண்பர்களைக் குனிந்து பார்க்க வைத்த அளவுக்குப் பெருமை.

போன ஜனவரியில் நான்கு வண்டிகளாகச் சிங்கப்பூரிலிருந்து கடற்பாலம் தாண்டி, மலேசியாவின் கோத்தா திங்கி பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்துக்கு அனுமதி வாங்கிக்கொண்டு போனோம். மழைக்காலம் முடிந்தும் முடியாத நேரம். செம்மண் பாதை வெண்ணெய் மாதிரி வழுக்கியது. இடதுபக்கம் திரும்பும் இடத்தில் வெட்டிப் போட்ட மரத்தின் அடிக்கட்டை ஒன்று, முழங்கால் உயரத்தில் பாதிகூட இருக்காது. முன்சக்கரத்தை அதன் ஓரமாகக் கவனமாக விலக்கிக் கொண்டுபோய்விட்டேன். திரும்பும்போது பின்சக்கரம் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும் என்பது அந்த நேரத்தில் மண்டையில் ஏறவில்லை. 'டங்' என்று ஒரு சத்தம். அப்புறம் ஒவ்வொரு குழியிலும் 'டக், டக்'.

படுத்துப் பார்த்தேன். பின்சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் அச்சான பின் ஆக்ஸிலில், குலுக்கலைத் தாங்கும் ஷாக் அப்சார்பரின் கீழ்முனையைப் பிடித்திருக்கும் பிராக்கெட், ஆக்ஸில் குழாயைவிடக் கீழே தொங்குகிறது. அதுதான் வாங்கிக் கட்டிக்கொண்டது. பிராக்கெட் வளைந்து, போல்ட் தலை தேய்ந்து மழுங்கி, ஷாக்கின் உடம்பில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஒரு நசுங்கல். அதிலிருந்து எண்ணெய் கசிந்து செம்மண்ணோடு குழைந்திருந்தது. முன்னால் இருந்த என் அருமைத் தகட்டில் ஒரு கீறல் இல்லை! திரும்பி வரும்போது நெடுஞ்சாலையில் பின்பக்கம் படகு மாதிரி ஆடியது. உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வரிசையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து அதையேதான் யோசித்தேன்.

அதற்கு முன்பே லிஃப்ட் கிட் போட்டு வண்டியை 2 அங்குலம் தூக்கியும் இருந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். ஜிம்னியில் முன்னும் பின்னும் முழு ஆக்ஸில், அதாவது இரண்டு சக்கரத்துக்கும் ஒரே அச்சு. ஸ்பிரிங்கை உயர்த்தினால் பாடியும் சட்டமும்தான் மேலே போகும். ஆக்ஸில் நடுவே பல்சக்கரங்கள் இருக்கும் உருண்டையான டிஃபரன்ஷியலும் இந்தப் பிராக்கெட்டும் ஆக்ஸிலோடு அங்கேயே கிடக்கும். அவற்றை உயர்த்த டயரைப் பெரிதாக்குவதுதான் வழக்கமான வழி. டயர் அளவு 195/80 இலிருந்து 215/75க்கு மாறினால் கிடைப்பது 5 மில்லிமீட்டர் சொச்சம், அவ்வளவுதான். லிஃப்ட் கிட்டுக்குக் கொடுத்த வெள்ளியை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

இப்போது பின்னால் இரண்டு பக்கமும் பிராக்கெட்டுக்குச் சின்னக் கவசம் போட்டிருக்கிறேன். அதைவிட, கட்டையையோ கல்லையோ பார்த்தால் ஒதுங்கிப் போகாமல் சக்கரத்தையே அதன்மேல் மெதுவாக ஏற்றப் பழகிவிட்டேன். சக்கரம் ஏறினால் வண்டியின் வயிறும் சேர்ந்து ஏறும்.

இன்னொன்று. ஆயில் மாற்ற முன் தகட்டைக் கழற்றியபோது உள்ளே காய்ந்த செம்மண்ணும் செம்பனை நாரும் ஒரு சோற்றுச் சட்டி நிறைய. அதற்கு அடியில் எஞ்சின் ஆயில் கசிந்து தேங்கியிருந்தது. தகடு இல்லையென்றால் வீட்டுக் கார்நிறுத்துமிடத் தரையில் சொட்டி எனக்கு எப்போதோ தெரிந்திருக்கும். காய்ந்த நார் எக்சாஸ்ட் குழாயில் ஒட்டினால் தீப்பிடிக்கவும் செய்யும். எனக்குக் கருகல் வாசனையோடு போனது.

தெம்பனிஸ்வாசி

தம்பி, உங்களுக்காவது ஷாக்தான் போனது. என்னுடையது பத்து ஆண்டு தாண்டிய பஜேரோ ஜீப், சிஓஇ என்ற வாகன உரிமைச் சான்றிதழைப் புதுப்பித்து ஓட்டுகிறேன். கம்பெனி கொடுத்த மெல்லிய தகடு போதும் என்று விட்டிருந்தேன். கல் ஒன்று தகட்டை மேலே நசுக்க, தகடு சம்பை நசுக்கிவிட்டது. ஓட்டை எதுவும் இல்லை, சொட்டும் இல்லை. ஆனால் சம்பின் அடி உள்ளே குழிந்து, எண்ணெயை உறிஞ்சும் சல்லடையை ஒட்டிக்கொண்டது. ஏற்றத்தில் ஆயில் விளக்கு எரிந்ததும் உடனே எஞ்சினை நிறுத்தியதால் பிழைத்தேன். சொட்டவில்லை என்று தொடர்ந்து ஓட்டியிருந்தால் எண்ணெய் கிடைக்காமல் எஞ்சின் பேரிங் போயிருக்கும். தகட்டுக்கும் சம்புக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம் 6 மில்லிமீட்டர் அலுமினியம் போட்டேன். எடை குறைவு, துரு இல்லை, நல்லதுதான். ஆனால் கூர்மையான கல்லில் எஃகு வழுக்கிக்கொண்டு போய்விடும், அலுமினியத்தைக் கல் கவ்விப் பிடிக்கும். மண்ணும் சேறும் என்றால் அலுமினியம், கல் என்றால் எஃகு. இது என் கணக்கு, மற்றவர்கள் வேறு சொல்லலாம். பத்து ஆண்டு தாண்டிய வண்டிகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை வாகனச் சோதனை வேறு. அதனால் போவதற்கு முன்பே நானே தகட்டைக் கழற்றிக் கழுவிவிடுவேன்.

ஜூரோங் அக்கா

எனக்கு அடியே படவில்லை, ஆனாலும் செலவு வந்தது. ஒன்றரை மணி நேரம் ஓட்டிவிட்டு நேராக ஓடையில் இறக்கினேன். தண்ணீர் ஆக்ஸிலுக்கு மேலே வந்தது, நிதானமாகத்தான் கடந்தேன். அடுத்த மாதம் பின் டிஃபரன்ஷியல் எண்ணெயை இறக்கியபோது மெக்கானிக் அங்கிள் கையை நீட்டிக் காட்டினார். தண்ணீர் கலந்து, அசல் தே தாரிக் (பால் தேநீர்) நிறம், நுரையோடு!

சூடாக இருந்த டிஃப் குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். அப்போது பிரீதர் என்ற காற்றுத் துளை வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். என் வண்டியில் பிரீதர் ஆக்ஸிலுக்குச் சற்று மேலேயே முடிந்திருந்தது. அங்கிள் ஒரு மீட்டர் ரப்பர் குழாயை மாட்டி, பின் விளக்குக்குப் பின்புறம் வரை மேலே இழுத்துக் கட்டினார். நுனியில் ஒரு சின்னப் பெட்ரோல் ஃபில்டர். கவசங்களுக்குக் கொட்டியதில் ஒரு மூலைக்குக்கூட வராத செலவு. இப்போதெல்லாம் ஓடைக்கு முன் கால் மணி நேரம் நிறுத்தி ஆற விடுகிறேன். பிள்ளைகள் அதற்குள் பாதி நாசி லெமாக்கை முடித்துவிடுவார்கள்.

யீஷூன்வாசி

அக்கா, இதைப் படித்ததும் கீழே இறங்கிப் போய் டார்ச் அடித்துப் பார்த்தேன். பின் ஆக்ஸிலிலிருந்து கிளம்பும் குழாய் தெரிகிறது, எங்கே போய் முடிகிறது என்று தெரியவில்லை. சனிக்கிழமை பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டுச் சொல்கிறேன்.