கெப்புல கூஸ்நெக் கொக்கி சொந்தமா பூட்டினவங்க வாங்க

லபுக்கலை கெப்:
கூஸ்நெக்னா, ட்ரெயிலரோட வளைஞ்ச கழுத்து கெப் (பிக்கப்) பின்பெட்டிக்குள்ள இருக்கிற இரும்புப் பந்து மேல வந்து மாட்டுற கொக்கி. பின்பெட்டியில ஓட்டை போட்டு, சேசியில (வண்டியோட அடிச்சட்டத்துல) தட்டைப் பூட்டி, பந்தை இறக்குற வரைக்கும் எல்லாம் நல்லாத்தான் முடிஞ்சிச்சு. இன்னும் மனசை விட்டுப் போகாதது றம்பொடை இறக்கம்தான். லீக்ஸும் கோவாவும் (முட்டைக்கோஸ்) ஏத்துன ட்ரெயிலர். கொண்டை வளைவுல ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சதும் பின்கண்ணாடி இருட்டிப் போயிருச்சு. திரும்பிப் பார்த்தா ட்ரெயிலரோட முன்மூலை கண்ணாடிக்கு ஒரு சாண்கூட இல்ல. அப்படியே நிப்பாட்டிட்டேன். பின்னால பஸ்காரன் ஹோர்ன் அடிக்கிறான். தங்கச்சி மகன் இறங்கி ஓடிப்போய் பஸ்ஸை மறிச்ச பிறகுதான் பின்னுக்கு எடுக்க முடிஞ்சிச்சு. வேற யாருக்காவது இப்படி ஆகியிருக்கா?

வெலிமடை மரக்கறி:
அண்ணே, வளைவைக் குறை சொல்லாதீங்க. உங்களது ரெண்டு வரிசை சீட் இருக்கிற டபுள் கெப்தானே? பெட்டி சுமார் ஒன்றரை மீட்டர். பந்து பின் அச்சுக்கு நேர் மேல, இல்லாட்டி கொஞ்சம் முன்னால இருக்கணும். அப்ப கெபினுக்கும் பந்துக்கும் நடுவுல எங்க இடம்? அமெரிக்காவுல 8 அடிப் பெட்டியில பூட்டுறாங்க, அதனால அங்க திரும்புது. நான் சிங்கிள் கெப்புல பூட்டினேன். ட்ரில்லை வைக்க முந்தி கீழ படுத்து டோர்ச் அடிச்சேன். குறி போட்ட இடத்துக்கு நேர் கீழ பிரேக் பைப் ஓடுது! அதை நினைச்சா இப்பவும் நெஞ்சு படபடக்குது.

பண்டாரவளை பாஸ்:
நான் பூட்டினது பம்பருக்குக் கீழ வர்ற சாதாரண கொக்கி. பெரகல இறக்கத்துல ஒரு நட் தளர்ந்து 'கடக் கடக்'னு சத்தம் வந்திச்சு, ஓரமா நிப்பாட்டி முடுக்கினேன். அவ்வளவுதான். ஆனா தம்பிமாரே, சேசியில வெல்டிங் வைக்கவே வைக்காதீங்க. சூடு பட்ட இடத்துலதான் பிறகு வெடிப்பு விடும். போல்ட் 10.9 தரம் (கூடுதல் பலமானது) எடுங்க, டோர்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து முடுக்குற சாவி) வச்சு முடுக்குங்க, முதல் பாரம் இழுத்த பிறகு திரும்பவும் பாருங்க. கூஸ்நெக் பந்து 2 5/16 அங்குலம். நம்ம கடையில கிடைக்கிற 50 மில்லிமீட்டர் பந்து அதுக்குச் சேராது. பாரத்தையும் கணக்குப் பாருங்க. ட்ரெயிலர் எடையில 15 லேருந்து 25 சதவீதம் பந்து மேல இறங்கும். 2000 கிலோன்னா 300 லேருந்து 500 கிலோ, உள்ள ஆளுங்க எடை வேற. ட்ரெயிலரோட பாதுகாப்புச் சங்கிலி ரெண்டையும் பெட்டித் தகட்டுல மாட்டாதீங்க, கொக்கித் தட்டு வளையத்துலதான் மாட்டணும். இறக்கத்துல ரெண்டாவது கியர், பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்தா சூடேறிப் பிடிக்காமப் போயிரும். லபுக்கலை தம்பி, உங்க ட்ரெயிலருக்குத் தனி பிரேக் இருக்கா? அதை நீங்க சொல்லவே இல்லையே.