படிப்பு முடிந்து ஏழு மாதங்கள்: ஜெர்மனியில் வேலை தேடும் நான் இணையத்தில் என் தொழில் அடையாளத்தை எப்படி அமைப்பது?

நொய்யல் (கெம்னிட்ஸ்)

வணக்கம். கோயம்புத்தூரில் பொறியியல் படித்துவிட்டு இங்கே வந்து, வாகன மென்பொருள் துறையில் முதுநிலைப் படிப்பை முடித்து ஏழு மாதங்கள் ஆகின்றன. நூற்றுக்கும் மேற்பட்ட விண்ணப்பங்களை அனுப்பிவிட்டேன். மூன்று இடங்களில் மட்டும் நேர்காணலுக்கு அழைத்தார்கள், மற்றவற்றுக்குத் தானியங்கி மறுப்புக் கடிதம் வந்தது, அல்லது எதுவுமே வரவில்லை. உன் பெயரை இணையத்தில் தேடினால் ஒன்றும் கிடைப்பதில்லை, அதுதான் காரணம் என்று உடன் படித்தவர்கள் சொல்கிறார்கள். அதனால் போன வாரம் லிங்க்டின் பக்கத்தைப் புதுப்பித்தேன், நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் என் ஆய்வேட்டின் நிரல்களை ஏற்றினேன், சொந்த வலைத்தளம் ஒன்றும் தொடங்கலாம் என்றிருந்தேன். நேற்று மாலை வந்த ஒரு மின்னஞ்சலுக்குப் பிறகு எதைச் செய்வது, எதை விடுவது என்று தெரியாமல் தவிக்கிறேன். லிங்க்டின் போன்ற ஜெர்மன் தளமான ஜிங் தேவையா, லிங்க்டின் மட்டும் போதுமா, வலைத்தளம் வேண்டுமா, புகைப்படத்தைச் சுற்றி வேலை தேடுவதாகக் காட்டும் பச்சை வளையத்தைப் போடலாமா என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

வைகைக்கரை (மியூனிக்)

தங்கையே, முதலில் ஜெர்மன் மொழியைப் படியுங்கள். நான் 2014-இல் வந்தபோது ஏ2 என்ற தொடக்க நிலைக்கு மேல் எனக்கு மொழி தெரியாது. மின்பொருள் கடை ஒன்றின் கிடங்கில் இரவு வேலை பார்த்துக்கொண்டே எட்டு மாதங்கள் விண்ணப்பித்தேன். அந்தக் குளிர்காலத்தில் ஊருக்குத் தொலைபேசியில் பேசும்போதெல்லாம் அம்மாவிடம் வேலை கிடைத்துவிட்டது என்று பொய் சொன்னேன். பி2 என்ற மேல் இடைநிலைச் சான்றிதழ் கைக்கு வந்த இரண்டாவது மாதத்தில்தான் வேலை கிடைத்தது. லிங்க்டின் கணக்கை அதற்குப் பிறகுதான் தொடங்கினேன். பச்சை வளையத்தை மட்டும் போடாதீர்கள். அது நம் அவசரத்தை எல்லோருக்கும் காட்டிக் கொடுத்துவிடும்.

பாலாறு (பெர்லின்)

மேலே உள்ள கருத்தோடு எனக்கு உடன்பாடில்லை. பச்சை வளையம் போட்ட அதே வாரத்தில்தான் ஆள் எடுக்கும் முகவர் ஒருவர் எனக்கு எழுதினார், இன்று வரை நான் இருக்கும் வேலை அப்படி வந்ததுதான். வேலை தேடுகிறோம் என்பதை மறைப்பதில் என்ன பயன்? அதோடு சொந்தப் பெயரில் ஒரு வலைத்தளம் கட்டாயம் வேண்டும். தினமும் லிங்க்டினில் ஒரு பதிவு எழுதுங்கள். நான் தொடர்ந்து நான்கு மாதங்கள் எழுதினேன்.

பனைநிழல் (டோர்ட்முண்ட்)

பிள்ளை, நான் 1986-இல் இந்த நாட்டுக்கு வந்தவன். அகதி முகாமில் இருந்தபோது வேலை செய்யவே அனுமதி இல்லை. அனுமதி கிடைத்த பின்பு, ஒரு தாளில் என் பெயரையும் தெரிந்த தொழிலையும் எழுதிக்கொண்டு பட்டறை பட்டறையாக ஏறி இறங்கினேன். பதினேழாவது பட்டறையில் இருந்த ஒரு முதியவர் லேத் இயந்திரத்தின் முன்னால் என்னை நிறுத்தி, செய்து காட்டு என்றார். செய்து காட்டினேன், வேலை தந்தார். உங்கள் காலத்து வழிகள் எனக்குத் தெரியாது. ஆனாலும் செய்த வேலையைக் கண்ணால் பார்த்தால்தான் ஒருவரை நம்புவார்கள் என்பது மாறியிருக்காது என்று நினைக்கிறேன்.

வைகைக்கரை (மியூனிக்)

பாலாறு அவர்களுக்கு: வலைத்தளம் தொடங்கச் சொல்லும்போது இந்த நாட்டின் சட்டத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தொழில் நோக்கமுள்ள தளம் என்று கருதப்பட்டால் தளத்தை நடத்துபவர் யார் என்று சொல்லும் இம்ப்ரெஸ்ஸும் பக்கத்தில் பெயரையும் அஞ்சல் முகவரியையும் வெளியிட வேண்டும். 2024 மே மாதத்திலிருந்து அந்த விதி ஜெர்மனியின் டிஜிட்டல் சேவைகள் சட்டத்தின் ஐந்தாம் பிரிவில் இருக்கிறது. தனியாக வசிக்கும் ஒரு பெண் தன் வீட்டு முகவரியை உலகம் முழுவதும் பார்க்க எழுதி வைக்க வேண்டுமா? 2022 ஜனவரியில் மியூனிக் மாவட்ட நீதிமன்றம், கூகுள் எழுத்துருவை கூகுளின் சேவையகத்திலிருந்தே ஏற்றிய ஒரு தளம், பார்வையாளரின் ஐ.பி. முகவரியை அவருடைய ஒப்புதலின்றி அனுப்பியதற்காக 100 யூரோ இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதைக் காட்டிச் சிறிய தளங்களை நடத்துவோருக்குப் பணம் கேட்டுக் கடிதங்கள் குவிந்த ஆண்டு அது. என் நண்பருக்கும் ஒன்று வந்தது.

பாலாறு (பெர்லின்)

உண்மைதான், அது எனக்குத் தெரியாது. ஆனால் இந்த நாட்டில் எதைத் தொட்டாலும் ஒரு கடிதம் வருகிறது. வெளிநாட்டவர் அலுவலகத்தில் தங்கும் அனுமதி அட்டையைப் புதுப்பிக்க நேரம் கேட்டு நான் ஐந்து மாதங்கள் காத்திருந்தேன்.

வைகைக்கரை (மியூனிக்)

எனக்கு எட்டு மாதங்கள். அதற்குள் பழைய அட்டை காலாவதியாகி, ஊரில் தாத்தா இறந்தபோது போக முடியவில்லை.

பனைநிழல் (டோர்ட்முண்ட்)

அந்த வலியை நானும் அறிவேன். என் தகப்பனாரின் இறுதிச் சடங்கை ஒளிநாடாவில்தான் பார்த்தேன்.

பொருநை (ஸ்டுட்கார்ட்)

இதைப் பேசித்தான் ஆக வேண்டும், அதற்கு வேறு இடம் வைத்துக்கொள்வோம். கேட்ட பெண்ணின் கேள்விக்கு இன்னும் யாரும் விடை சொல்லவில்லை. அவர் சொல்லாமல் விட்டதையும் யாரும் கேட்கவில்லை. வாகன உதிரிபாக நிறுவனம் ஒன்றில் சோதனைக் குழுவுக்கு ஆள் எடுக்கும் நேர்காணல்களில் நான் ஆறு ஆண்டுகளாக உட்காருகிறேன். நொய்யல், ஐந்து விவரங்களைச் சொல்லுங்கள். நேற்று வந்த மின்னஞ்சலை யார் அனுப்பினார்கள்? ஆய்வேட்டைப் பல்கலைக்கழகத்தில் செய்தீர்களா, நிறுவனத்தில் செய்தீர்களா? வேலை தேடும் அனுமதி எந்தத் தேதி வரை இருக்கிறது? மாணவர் பணி ஏதாவது பார்த்தீர்களா? ஜெர்மன் எந்த நிலையில் இருக்கிறது?

நொய்யல் (கெம்னிட்ஸ்)

அக்கா, மன்னியுங்கள், பதற்றத்தில் விட்டுவிட்டேன். ஆய்வேட்டை ஒரு நிறுவனத்தில்தான் செய்தேன். அதன் முதல் பக்கத்தில் "ஷ்பெர்வெர்மெர்க்" என்ற ரகசியக் குறிப்பு இருந்தது, ஐந்து ஆண்டுகளுக்கு வெளியிடக் கூடாது என்று. அது அச்சிட்ட ஏட்டுக்கு மட்டும்தான் பொருந்தும் என்று நினைத்துவிட்டேன். நேற்று அங்கிருந்த என் வழிகாட்டி, நிரல்களை உடனே நீக்குமாறு எழுதியிருக்கிறார், சட்டப் பிரிவின் முகவரியும் நகலில் இருக்கிறது. பதினெட்டு மாத அனுமதியில் இன்னும் பதினொரு மாதங்கள் உள்ளன. வேறொரு நிறுவனத்தில் பதினான்கு மாதங்கள் மாணவர் பணி பார்த்தேன், சோதனைப் பிரிவில். ஜெர்மன் பி1, அதாவது இடைநிலை. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராக இருக்கிறது, கோவைப் பட்டச் சான்றிதழில் தலைப்பெழுத்து மட்டும் இருக்கிறது, லிங்க்டினில் சுருக்கமாக வீட்டில் அழைக்கும் பெயரை வைத்திருக்கிறேன்.

பொருநை (ஸ்டுட்கார்ட்)

இப்போதுதான் விஷயம் தெளிவாகிறது. இன்றிரவே செய்ய வேண்டியதை முதலில் சொல்கிறேன். கிட்ஹப்பில் நிரல்களை வைத்திருக்கும் அந்தக் களஞ்சியத்தை உடனே தனிப்பார்வைக்கு மாற்றுங்கள், அதற்கு முன் யாராவது அதைத் தங்கள் கணக்குக்குப் பிரதி எடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள், ஏனென்றால் நாம் மூலத்தை மறைத்தாலும் அழித்தாலும் பிறர் எடுத்த பொதுப் பிரதி அங்கேயே நிற்கும். பிறகு வழிகாட்டிக்கு விடை எழுதுங்கள்: எந்த நாளில் ஏற்றினீர்கள், எந்த நாளில் எத்தனை மணிக்கு நீக்கினீர்கள், பிரதிகள் உண்டா இல்லையா, குறிப்பின் பொருளைத் தவறாகப் புரிந்துகொண்டீர்கள் என்பதை எதையும் மறைக்காமல் நான்கைந்து வரிகளில் சொல்லுங்கள். சாக்குப்போக்கு வேண்டாம். சட்டப் பிரிவு மேலும் எதையாவது கையெழுத்திடச் சொன்னால் மட்டும், ஒரு வழக்குரைஞரிடம் காட்டாமல் கையெழுத்திடாதீர்கள். அதே கடிதத்திலோ ஒரு வாரம் கழித்தோ, ஆய்வேட்டின் தலைப்பையும் பயன்படுத்திய பொதுவான கருவிகளின் பெயர்களையும் என் பக்கத்தில் குறிப்பிடலாமா என்று கேட்டு எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். இது கிடைப்பது அரிதல்ல. இந்தச் செயல் ஏன் முக்கியம் என்றால், வேறொருவரின் நிரலை ஒருவர் பொதுவில் வைத்திருப்பதைப் பார்த்தால், நாளை எங்கள் நிரலையும் இவர் இப்படித்தான் வைப்பார் என்றே எங்கள் குழுவில் நினைப்போம். திறமைக் குறைவைக் கூட ஏற்றுக்கொள்வார்கள், இதை ஏற்க மாட்டார்கள்.

அடுத்து உங்கள் பெயர். இது நம்மவர்கள் பலருக்கும் நேர்வது, சிறியதாகத் தோன்றினாலும் உங்களைத் தேடுபவர் கண்டுபிடிக்காமல் போவதற்கு இதுவே காரணமாகிவிடும். விண்ணப்பத்தில் ஒரு பெயர், லிங்க்டினில் வேறு பெயர், சான்றிதழில் மூன்றாவது பெயர் என்றிருந்தால் எங்கள் மனிதவளப் பிரிவினர் இவை மூன்றும் ஒருவரே என்று கண்டுகொள்ள நேரம் செலவிட மாட்டார்கள். கடவுச்சீட்டில் உள்ள வரிசையையே எல்லா இடத்திலும் வையுங்கள். பேட்டிக்கு அழைப்பவர்கள் உங்களை அப்பாவின் பெயரால் "ஃப்ராவ்", அதாவது அம்மையார், என்று விளிப்பார்கள். எனக்கும் முதல் ஆண்டு முழுவதும் என் தந்தையை யாரோ அழைப்பது போலவே இருந்தது, பிறகு பழகிவிட்டது. சான்றிதழில் தலைப்பெழுத்து மட்டும் இருப்பதைத் தன்விவரக் குறிப்பின் அடியில் ஒரு வரியில் விளக்கிவிடலாம். லிங்க்டின் பக்கத்தின் இணைய முகவரியில் இருக்கும் எண் வாலையும் நீக்கி, அதே பெயரை வையுங்கள்.

லிங்க்டினில் பெயருக்குக் கீழே உள்ள தலைப்பு வரியில் 220 எழுத்துகள் வரை இடம் தருகிறார்கள். அங்கே "புதிய பட்டதாரி, வாய்ப்பைத் தேடுகிறேன்" என்று எழுதுவது அந்த இடத்தை வீணாக்குவதாகும். ஆள் தேடுபவர்கள் சொற்களை வைத்துத்தான் தேடுகிறார்கள்: நாங்கள் தேடினால் கேன் (வாகனத்தின் கருவிகள் ஒன்றோடொன்று பேசும் வலையமைப்பு), கேப்பல், கேனோ (அதைச் சோதிக்கும் நிரல்மொழியும் மென்பொருளும்), பைத்தான், ஹெச்.ஐ.எல். சோதனை (உண்மையான வன்பொருளை இணைத்துச் செய்வது), ஐ.எஸ்.ஓ. 26262 (வாகன மின்னணுப் பாதுகாப்புத் தரம்) என்று தட்டச்சிடுவோம். மாணவர் பணியில் இவற்றில் எதைத் தொட்டீர்களோ அதை மட்டும் எழுதுங்கள். முதல் வேலை தேடியபோது என் பக்கத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட திறன்களை அடுக்கி வைத்திருந்தேன். ஒரு நேர்காணலில் அதில் ஒன்றைப் பற்றிக் கேட்டார்கள், என்னால் இரண்டு வாக்கியங்கள் கூடப் பேச முடியவில்லை. அன்றோடு ஒன்பதாகக் குறைத்தேன். பக்கத்தை ஜெர்மன் மொழியிலும் சேர்த்து வைக்க லிங்க்டினில் வசதி இருக்கிறது. உங்கள் பி1 போதும், எழுதி ஒரு ஜெர்மன் நண்பரிடம் திருத்தி வாங்குங்கள். மொழி நிலையைக் கூட்டிப் போடாதீர்கள், தொலைபேசியில் முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும்.

பதினான்கு மாத மாணவர் பணியை நீங்கள் போகிற போக்கில் சொன்னீர்கள். உங்களிடம் இருப்பதிலேயே மதிப்பு மிக்கது அதுதான். அந்த நிறுவனத்திடமிருந்து "ஆர்பைட்ஸ்சொய்க்னிஸ்" என்ற விரிவான பணிச் சான்றிதழை வாங்கினீர்களா? வாங்கவில்லை என்றால் இப்போதே எழுதிக் கேளுங்கள்; அது தொழில் ஒழுங்குச் சட்டத்தின் 109-ஆம் பிரிவு தரும் உரிமை, சலுகை அல்ல. லிங்க்டினில் அந்தப் பணியை அனுபவப் பகுதியின் முதலில் வைத்து, என்ன சோதித்தீர்கள், எந்தக் கருவியால், எதைத் தானியங்கியாக்கினீர்கள் என்று மூன்று வரிகளில் எழுதுங்கள். அங்கும் உள் விவரங்கள் வேண்டாம்.

கிட்ஹப்பில் இப்போது எதுவும் இல்லாமல் போய்விட்டது என்று கவலைப்பட வேண்டாம். லினக்ஸில் வீகேன் என்ற மெய்நிகர் கேன் இடைமுகம் இலவசமாகவே இருக்கிறது, வன்பொருள் ஒன்றுகூடத் தேவையில்லை. அதன்மேல் பைத்தான்-கேன், கேன்டூல்ஸ் நூலகங்களை வைத்து, கேன் செய்திகளின் அமைப்பை விவரித்து நீங்களே எழுதிய சிறிய டி.பி.சி. கோப்பிலிருந்து வேகம், வெப்பநிலை போன்ற சமிக்ஞைகளை அனுப்பி, வரம்பு மீறினால் கண்டுபிடிக்கும் தானியங்கிச் சோதனைகளை எழுதுங்கள். இரண்டு மூன்று வாரங்களில் முடிந்துவிடும். விளக்கக் கோப்பில் எப்படி இயக்குவது, எந்தச் சோதனை முதலில் தோற்றது, ஏன் தோற்றது என்று எழுதுங்கள். நான் திறந்து படிப்பது பெரும்பாலும் அந்த ஒரு பக்கத்தைத்தான். பனைநிழல் ஐயா சொன்ன லேத் இயந்திரம் எங்கள் துறையில் இதுதான். கணக்குப் பெயரிலேயே ஒரு களஞ்சியம் தொடங்கினால் அதன் விளக்கக் கோப்பு உங்கள் முகப்பில் தெரியும், ஆகவே தனி வலைத்தளம் இப்போதைக்கு வேண்டாம். வைகைக்கரை அண்ணாவின் எச்சரிக்கை சரியானது.

வேலை தேடுவதைக் காட்ட லிங்க்டினில் இரண்டு அமைப்புகள் உள்ளன: பச்சை வளையத்தோடு எல்லோருக்கும் தெரிவது, வளையம் இல்லாமல் ஆள் எடுப்பவர்களுக்கு மட்டும் தெரிவது. இரண்டாவதைப் போடுங்கள். ஜிங்கில் கணக்கு வையுங்கள், ஜெர்மன் மொழி பேசும் சிறிய நிறுவனங்கள் இன்னும் அங்கே தேடுகின்றன, ஆனால் அதன் குழுக்களை 2023 தொடக்கத்திலேயே மூடிவிட்டார்கள் என்பதால் விவரங்களை நிரப்புவதற்கு மேல் நேரம் செலவிட வேண்டாம். தினமும் பதிவு எழுத வேண்டியதில்லை. அந்தத் திட்டம் முடிந்ததும் அதைப் பற்றி ஒன்று எழுதினால் போதும்.

கடைசியாக, உங்கள் பக்கத்திலும் விண்ணப்பத்திலும், இப்போதைய அனுமதியிலேயே எந்த வேலையிலும் உடனே சேரலாம் என்று ஒரு வரி எழுதுங்கள். விசா என்றாலே பல மாதங்கள் ஆகும் என்று பயந்து பல சிறிய நிறுவனங்கள் விலகிவிடுகின்றன. பட்டம் பெற்று மூன்று ஆண்டுகளுக்குள் இருப்பவர்களுக்கு உயர்கல்வி பெற்ற வெளிநாட்டுப் பணியாளர்களுக்குத் தரும் நீல அட்டை என்ற தங்கும் அனுமதிக்கான சம்பள வரம்பும் குறைவு, 2025-இல் அது ஆண்டுக்கு 43,759 யூரோ 80 சென்ட். வரம்பு ஒவ்வோர் ஆண்டும் மாறும் என்பதால் ஒப்பந்தம் பேசும் நேரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வைகைக்கரை (மியூனிக்)

நானும் கேட்காமலே ஆலோசனை சொல்லிவிட்டேன் தங்கையே. ஜெர்மன் பக்கத்தை எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன்.

நொய்யல் (கெம்னிட்ஸ்)

களஞ்சியத்தை இரவு 9.40-க்கு மறைத்துவிட்டேன், யாரும் பிரதி எடுத்திருக்கவில்லை. வழிகாட்டிக்கு நீங்கள் சொன்னபடியே எழுதினேன்; காலையில் விடை வந்தது, விஷயம் இத்தோடு முடிந்தது என்றும், தலைப்பைக் குறிப்பிடலாம், முடிவுகளைக் குறிப்பிடக் கூடாது என்றும் எழுதியிருக்கிறார். பணிச் சான்றிதழ் கேட்டும் கடிதம் அனுப்பிவிட்டேன். லிங்க்டினில் பெயரை மாற்றிவிட்டேன். வீகேனை இன்று மதியம் நிறுவினேன். முதல் செய்தி போய்ச் சேர்ந்தது. அண்ணா, ஜெர்மன் பக்கத்தை ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்புகிறேன்.